சட்டிக்குள் கால்சியம் போன கதை

என் ஆமைக்குப் பெயர் சட்டி. கவிழ்த்து வைத்த சட்டி மாதிரியே இருக்கும், வேறு காரணம் எதுவும் இல்லை. சிவப்புக் காது நீராமை. என்னிடம் வந்தபோது மேலோட்டின் நீளம் 12 செ.மீ., எடை 270 கிராம். அதை வளர்த்த நண்பர் வீடு மாறிப் போகும்போது தொட்டி, ஃபில்டர், விளக்கு, பாதி காலியான தீவன டப்பா என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போனார். போகிற போக்கில், "கால்சியத்துக்கு நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், தண்ணியிலேயே கட்டி போட்டிருக்கேன்" என்றார். தொட்டியின் மூலையில் ஆமை வடிவத்திலேயே ஒரு வெள்ளைக் கட்டி கிடந்தது.

அந்தக் கட்டியை நம்பி மூன்று வாரம் ஓடியது. நான்காவது வாரம் தொட்டி கழுவும்போது சட்டியைத் தூக்கிப் பிடித்தேன். ஓட்டின் பின் விளிம்பில் கட்டைவிரல் பட்ட இடம் லேசாக அமுங்கியது. முட்டையிலிருந்து வந்து சில மாதமே ஆன குட்டிக்கு ஓடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அது இயல்பு. 12 செ.மீ. ஆமைக்கு அப்படி இருக்கக் கூடாது. அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. பின் விளிம்புத் தகடுகள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன. வெயில் காயும் மேடையில் ஏறும்போது பின்னங்கால் வழுக்கிக்கொண்டே இருந்தது. சோம்பேறி என்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் ஓடும் கால் எலும்பும் மங்கலாக, மெல்லிசாகத் தெரிந்தன. ஓடு என்பது ஆமையின் முதுகில் மாட்டிவிட்ட மூடி இல்லை. விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து விரிந்துதான் ஓடாகியிருக்கிறது. வெளியே தெரியும் தகடுகள் மட்டும் கெரட்டின், நம் நகம் மாதிரி. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் தசையும் இதயமும் ஒழுங்காக வேலை செய்யாது என்பதால், பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்தாவது ரத்தத்தின் அளவைக் காப்பாற்றும். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போதே எலும்பு காலியாகிக்கொண்டிருக்கலாம். மருத்துவர் முதல் சில வாரங்களுக்கு மருந்து கொடுத்தார். அதன் அளவை இங்கே எழுதப் போவதில்லை. எடை பார்த்து, படம் பார்த்துச் சொல்ல வேண்டியது அது.

மீதி வேலை என்னுடையது. மேல்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் வரவில்லை என்றால், நடுவில் எங்கோ ஒழுகுகிறது அல்லது அடைத்திருக்கிறது. அதே மாதிரிதான் இதுவும். தொட்டியில் கால்சியம் இருக்கிறது, ஆமையின் எலும்பில் இல்லை. நடுவில் எங்கே போகிறது என்று ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதல் சந்தேகம் அந்தக் கட்டி. ஒரு தட்டில் அதிலிருந்து சுரண்டிய தூளையும், இன்னொரு தட்டில் நொறுக்கிய முட்டை ஓட்டையும் வைத்து, இரண்டிலும் வினிகர் விட்டேன். முட்டை ஓடு நுரைத்துப் பொங்கியது. அது கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரியமில வாயு விடும். கட்டியின் தூள் சும்மா கிடந்தது. அப்படியென்றால் அது கார்பனேட் இல்லை, சுவரில் பூசும் பிளாஸ்டர் வகையைச் சேர்ந்த கால்சியம் சல்பேட்டாக இருக்கலாம் என்று நினைத்தேன். சல்பேட் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராமுக்கு மேல் கரையும். கட்டி வாரா வாரம் இளைத்துக்கொண்டு வந்ததற்கும், தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்கும் சொட்டு மருந்தில் அளவு ஏறிக்கொண்டே போனதற்கும் அது பொருந்தியது. சில ஆமைகள் இந்தக் கட்டியைக் கடிக்குமாம். சட்டி அதன் மேல் ஏறி உட்கார்ந்ததைத்தான் நான் பார்த்தேன். தண்ணீரில் கரைந்து மிதக்கிற கால்சியத்தை நம்பி எலும்பு வளராது. தினமும் தீனியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போக வேண்டும். கட்டியை எடுத்துப் போட்டேன்.

அடுத்தது தீனி. நண்பர் வீட்டில் சட்டிக்குக் கிடைத்தது பெரும்பாலும் எலும்பில்லாத கோழித் துண்டும் மீன் சதையும். ஆசையாகத்தான் கொடுத்திருக்கிறார், ஆமையும் ஆசையாகத்தான் தின்றிருக்கிறது. சிக்கல் பாஸ்பரஸில் இருக்கிறது. தீனியில் கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்ற கணக்கில் இருந்தால் நல்லது. வெறும் சதையில் இது தலைகீழ். 100 கிராம் எலும்பில்லாத மீனில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கும், கால்சியம் பத்து இருபது மில்லிகிராம் தேறினால் அதிகம். அளவுக்கு மீறிய பாஸ்பரஸ் குடலிலேயே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வேறு தீனியில் வந்த கால்சியத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. 200 மில்லிகிராம் பாஸ்பரஸுக்கு 400 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். கால்சியம் கார்பனேட்டின் எடையில் 40 சதவீதம் கால்சியம். ஆக, 100 கிராம் சதைக்கு 1 கிராம் கார்பனேட். சிட்டிகைக்குக் கொஞ்சம் மேலே. இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவைத்தான் உள்ளே அனுப்ப நான் இரண்டு மாதம் திண்டாடினேன்.

கீரையிலும் ஒரு தப்பு செய்தேன். சத்து என்றதும் கை பாலக் கீரைக்குத்தான் போனது. அதில் கால்சியம் உண்டு, ஆனால் ஆக்சலேட்டும் சேர்ந்தே இருக்கிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு அப்படியே வெளியே போய்விடும். பீட்ரூட் கீரையும் அதே கதை. கடுகுக் கீரை, டர்னிப் கீரைக்கு மாறினேன். சட்டி மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது, நான்காம் நாள் தின்றது. பசித்த ஆமையின் கொள்கைப் பிடிப்பு அவ்வளவுதான்.

இனி தூள் தயாரித்த கதை. கடையில் கிடைக்கும் கால்சியம் தூளே போதும், முட்டை ஓடுதான் வேண்டும் என்பதில்லை. எனக்குச் செய்து பார்க்கும் ஆசை. பத்து முட்டை ஓடுகளைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, உள் சவ்வை உரித்து, ஓவனில் நன்றாகக் காய வைத்து, மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்தேன். 50 கிராம் போலக் கிடைத்தது. மிக்ஸி மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், தூசி மூக்கில் ஏறும். தூள் மாவு மாதிரி இருக்க வேண்டும். நறநறவென்று இருந்தால் வயிற்று அமிலம் அதைக் கரைப்பதற்குள் துகள் குடலைத் தாண்டிவிடும். ஆமைக்கென்று தனி ஜார் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆமையின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் அதன் பாத்திரங்கள் சமையலறையோடு கலக்கக் கூடாது. இந்த முடிவு எங்கள் வீட்டில் அமைதியான முறையில் எடுக்கப்படவில்லை.

தூளை மீன் துண்டில் புரட்டிப் போட்டேன். தரையில் தின்கிற ஊர்வனவற்றுக்கு இந்த வழி சரி. நீராமை தண்ணீருக்குள்தான் விழுங்கும். துண்டு நீரைத் தொட்டதும் வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. சட்டி வந்து கடிப்பதற்குள் மீன் கழுவிச் சுத்தமாகிவிட்டது. இன்னொரு ஒழுகல் கண் முன்னாலேயே நடந்தது. நாலு நாள் இதையே திரும்பத் திரும்பச் செய்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சரி, தூளைத் தீனிக்கு உள்ளேயே பூட்டிவிட வேண்டும். ஜெலட்டின் போட்டுக் கட்டியாக்கிக் கொடுப்பது பலர் செய்கிற வழி.

முதல் தவணை உறையவே இல்லை. ஐந்து மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்தும் பச்சை நிறக் குழம்பாகத் தளதளத்தது. ஜெலட்டின் பழசு என்று நினைத்து இன்னொரு பாக்கெட் வாங்கிச் செய்தேன், மறுபடியும் குழம்பு. குற்றவாளி பப்பாளி. கால்சியம் பாஸ்பரஸைவிட அதிகம், வாசனையும் உண்டு என்று நான்கைந்து துண்டு பச்சையாகவே அரைத்துச் சேர்த்திருந்தேன். பப்பாளியில் இருக்கும் பப்பாயின் என்ற நொதி புரதத்தை வெட்டும். ஜெலட்டினும் புரதம்தானே. கறி வேகப் பப்பாளிக்காய் போடுவதும் இதற்குத்தான் என்பது தெரிந்தும் மண்டையில் உறைக்கவில்லை. அன்னாசியும் கிவியும் இதே வேலையைச் செய்யும். பழம் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஜெலட்டினுக்குப் பதில் அகர் அகர் போடலாம். அது கடற்பாசியிலிருந்து வருவது, புரதம் இல்லை, இந்த நொதி அதைத் தொடாது. நான் பழத்தையே விட்டுவிட்டேன்.

அடுத்த தவணை உறைந்தது, அழகாகத் துண்டும் போட முடிந்தது. சட்டி ஒரு கடி கடித்து, மென்று, துப்பியது. இரண்டாவது துண்டையும் துப்பியது. வெட்டிய துண்டைப் பக்கவாட்டில் பார்த்தபோது அடியில் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது. கலவை நீர்த்திருக்கும்போதே தட்டில் ஊற்றிவிட்டேன். உறைவதற்குள் தூள் முழுவதும் அடியில் போய்ப் படிந்திருக்கிறது. மேல்பாதியில் கால்சியமே இல்லை, கீழ்ப்பாதி சுண்ணாம்பு வில்லை. தவிர, எதற்கும் இருக்கட்டும் என்று கணக்கைவிட ஐந்து மடங்கு தூள் போட்டிருந்தேன். அதிகமாகக் கொட்டினால் துத்தநாகம், இரும்பு போன்றவை உடம்பில் சேர்வது கெடும். ஆமை துப்பியது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

இப்போது வரை கைகொடுக்கும் தவணை இதுதான். கடுகுக் கீரை 150 கிராம், மீன் சதை 100 கிராம், நல்ல ஆமைப் பெல்லட் தீவனத்தைப் பொடித்தது 50 கிராம், கேரட் 50 கிராம், முட்டை ஓட்டுத் தூள் ஒன்றரை கிராம், அதாவது கால் டீஸ்பூன் அளவு. மீனுக்கு ஒரு கிராம், மிச்சம் கேரட்டுக்கும் சேதாரத்துக்கும். கீரை தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். பெல்லட்டில் ஏற்கெனவே கால்சியம் சேர்த்திருப்பார்கள், டப்பாவில் கால்சியம், பாஸ்பரஸ் இரண்டின் அளவும் போட்டிருக்கும், பார்த்து வாங்க வேண்டும். ஜெலட்டின் 35 கிராமை 200 மி.லி. குளிர்ந்த நீரில் ஊற வைத்து, அப்புறம் சூடு காட்டிக் கரைக்கிறேன், கொதிக்க விடுவதில்லை. மீனையும் கேரட்டையும் லேசாக வேக வைத்துக் கீரையோடு அரைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது கலக்கிறேன். இதற்குப் பிறகுதான் முக்கியமான இடம்: ஊற்றாமல் காத்திருப்பது. கிண்ணத்திலேயே கிளறிக்கொண்டிருந்து, கலவை தேன் பதத்துக்கு இறுகும்போது தூளைத் தூவிக் கலந்து, உடனே தட்டில் ஒரு செ.மீ. கனத்துக்குப் பரப்ப வேண்டும். தூளுக்கு மூழ்க நேரம் கிடைக்காது.

நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்த பிறகு சிறு சதுரமாக வெட்டி உறைய வைத்துவிடுகிறேன். என் தொட்டி நீர் 26 டிகிரி செல்சியஸ், அந்தச் சூட்டில் இந்தத் துண்டு பத்து நிமிடம் கரையாமல் நிற்கிறது. 30-ஐத் தாண்டினால் ஜெலட்டின் இளகத் தொடங்கும், அதனால் மேடையில் விளக்கடியில் வைத்துக் கொடுத்தால் வழிந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஆமையின் தலை அளவுக்கு. இடைப்பட்ட நாள் கீரை மட்டும்.

வாரம் ஒரு முறை எலும்போடு முழுச் சிறு மீனும் கொடுக்கிறேன். எலும்பும் தோலும் சேர்ந்து வரும்போது கால்சியக் கணக்கு தானாகச் சரியாகிவிடும். தங்கமீன் மட்டும் வேண்டாம். அதில் தயமினேஸ் என்ற நொதி உண்டு, அடிக்கடி கொடுத்தால் வைட்டமின் பி1 குறைந்துபோகும்.

கணவாய் ஓட்டையும் போட்டுப் பார்த்தேன். கடல்நுரை என்று சொல்வார்களே, அதுதான். கணவாயின் உடம்புக்குள் இருக்கும் அந்த ஓடு கால்சியம் கார்பனேட், வினிகரில் நன்றாகப் பொங்கியது. பின்புறக் கெட்டித் தகட்டைக் கத்தியால் சீவி எடுத்துவிட வேண்டும், உடைந்தால் கூர்மையாக இருக்கும். மிருதுவான பகுதி மிதக்கும். ஆறு மாதம் மிதந்தது. சட்டி அதை மூக்கால் தள்ளி விளையாடியதோடு சரி.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே மருத்துவர் கேட்ட கேள்வி ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது: விளக்கு எப்போது வாங்கியது? நண்பரைக் கேட்டேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறதாம், "இன்னும் எரியுதே" என்றார். அங்கேதான் பெரிய ஒழுகல். குடலிலிருந்து கால்சியம் உடம்புக்குள் ஏற வைட்டமின் டி3 வேண்டும். 290-லிருந்து 315 நானோமீட்டர் வரையிலான புறஊதாக் கதிர், அதாவது யூவிபி, தோலில் பட்டால் ஆமை அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். விளக்கு பழசானால் வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவிபி மட்டும் வடிந்துவிடும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது அதற்காகத்தான். போதாததற்கு எங்கள் தொட்டிக்குக் கண்ணாடி மூடி. சாதாரணக் கண்ணாடி யூவிபியை விடவே விடாது. ஜன்னல் வழியாக வரும் வெயிலில் வைத்தாலும் இதே நிலைதான், கதகதப்பு கிடைக்கும், டி3 கிடைக்காது.

புறஊதாக் குறியீட்டு மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி மேடையில் வைத்துப் பார்த்தேன். பழைய விளக்கு, கண்ணாடி மூடியோடு: 0.0. மூடியை எடுத்தபின்: 0.3. புதிய குழல் விளக்கை 30 செ.மீ. உயரத்தில் மாட்டியபின்: 3.2. சட்டி இத்தனை நாள் தின்ற நல்ல தீனியெல்லாம் மூடிய கதவில் போய் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கண்ணாடிக்குப் பதில் கம்பி வலை போட்டேன். வலையும் ஒரு பங்கைத் தடுக்கும் என்பதால் விளக்கை வலைக்குக் கீழே, ஆமைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டேன். மேடையின் சூடு 27 டிகிரிதான் இருந்தது, வெப்ப விளக்கை இறக்கி 33-க்குக் கொண்டு வந்தேன். தோலில் உண்டாகும் பொருள் டி3-ஆக மாறவும் சூடு வேண்டும், தின்றது செரிக்கவும் வேண்டும்.

விளக்கு சரியான பிறகு, கடையில் கிடைக்கும் டி3 கலந்த தூள் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெளிச்சத்தில் உண்டாகும் டி3 அளவு மீறாது, மிச்சத்தைத் தோலே வேறு பொருளாக மாற்றிக் கழித்துவிடும். வாய்வழி போவதற்கு அந்த வசதி இல்லை. அதிகமானால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் கால்சியம் படியும்.

ஆறாவது வாரம் மேடையில் வழுக்காமல் ஏறியது. நான்காவது மாதம் விளிம்பு அமுங்குவது பாதியாகக் குறைந்தது. ஐந்தாவது மாதம் ஓட்டிலிருந்து கண்ணாடித் தாள் மாதிரித் தகடு உரிந்து மிதந்ததைப் பார்த்துப் பதறி மருத்துவருக்குப் படம் அனுப்பினேன். வளர்கிற ஆமை தகடு உரிக்கும், நல்ல அறிகுறி என்று பதில் வந்தது. எட்டாவது மாத எக்ஸ்ரேயில் ஓட்டின் கோடு வெள்ளையாக, தெளிவாக இருந்தது. எடை 335 கிராம். சுருண்ட விளிம்பு மட்டும் அப்படியேதான் இருக்கிறது, கோணிய எலும்பு கோணியபடியே கெட்டிப்பட்டுவிட்டது. இனி நிமிராது என்றார் மருத்துவர்.

அதே படத்தைப் பார்த்துக்கொண்டே, முன்னங்கால் நகம் குட்டை, வால் மெல்லிசு, இது பெண் என்றும் சொன்னார். இதுவரை அவன் இவன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். பெண் ஆமை வளர்ந்த பிறகு ஆண் துணை இல்லாமலே முட்டையிடும், ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் தன் உடம்பிலிருந்து கால்சியம் எடுக்கும். போதாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளவும் கூடும். போன வாரம் பார்த்தால், கணவாய் ஓட்டின் ஓரத்தில் பிறை பிறையாக நாலு கடித் தடம்.

விளக்கின் அடியில் மாற்றிய மாதத்தை எழுதி டேப் ஒட்டியிருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை, முட்டையிடும் வயது வருவதற்கு முன்பே, ஈர மண் போட்ட பெட்டி ஒன்றைத் தொட்டியோடு இணைக்க வேண்டும். பலகை வெட்டியாகிவிட்டது, சாய்வுப் பாதைதான் மிச்சம்.